பிரிக்கக் கூடாத பொட்டலம்

என் மாமியார் கட்டும் இலைப் பொட்டலம் லேசில் அவிழாது. பூவரச இலையை உள்ளங்கையில் விரித்து, வைக்க வேண்டியதை வைத்து, நாலு பக்கமும் மடித்து, வாழை நாரைச் சுற்றி ஒரு இழுப்பு இழுப்பார். அவ்வளவுதான். கருவாடோ, கதம்பமோ, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சுண்டலோ, எதைக் கட்டினாலும் ஒரே அச்சு. உள்ளே இருப்பது என்னவென்று கட்டியவரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. களமருதூர் வயல்களில் கூலிக்கு நாற்று முடி கட்டிக் கட்டி வந்த கைவாகு. நான் அத்தை என்று கூப்பிட்ட அந்த மனுஷி கட்டியதில் ஒன்றை, பிரிக்கவே கூடாத ஒன்றை, நான் பிரித்துப் பார்த்தேன். கோபத்தில் செய்த காரியம்தான். ஆனால் அதற்காக எனக்கு வருத்தமே இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். திருநாவலூரிலிருந்து மருமகளாக வந்தபோதே புருஷன் லீவில்தான் வருவார் என்று எனக்குத் தெரியும். தெரிவது வேறு, படுவது வேறு. வருவார். தெருவே வந்து விசாரிக்கும். சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்த் தலையைக் காட்டுவோம். அப்பாடா என்று இரண்டு பேரும் உட்கார்ந்தால், மறுபடி பெட்டி கட்டும் நாள் வந்திருக்கும். "கட்டிக்கினது அவன, குடுத்தனம் பண்றது எங்கூட" என்று அத்தையே என்னைக் கிண்டல் செய்வார். சிரிப்பேன். அடுப்படிக்குள் போனபின் அந்தச் சிரிப்பு இருக்காது.

ஒரு லீவில் அவர் ஒரு சேதியோடு வந்தார். இரண்டு கோர்ஸுகளுக்கு அவர் பேரைக் கேட்டிருந்தார்கள். ஒன்று ஆஸ்பத்திரி கோர்ஸ். ஊசி போட, கட்டுப் போட, அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பார்கள். அதை முடித்தால் ஊரை ஒட்டிய முகாமில் வைத்துக்கொள்வார்கள், குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குடும்பத்தைக் கூட்டிப் போகலாம் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். மற்றது பனிமலை கோர்ஸ். கயிறு கட்டி ஏறுவது, பனியில் நடப்பது, சரிவில் புதைந்தவர்களைத் தோண்டி எடுப்பது. நன்றாகச் செய்தால் அங்கேயே வாத்தியாராக வைத்துக்கொள்வார்களாம். ஆனால் குளிர்காலம் முழுக்க ஊர்ப்பக்கம் வரமுடியாது, போன்கூட ஒழுங்காகக் கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். எது என்று லீவு முடிவதற்குள் யூனிட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கதவைத் திறந்தால் புருஷன் உள்ளே வருகிற ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வந்து கொடுக்கவும், உப்பு கம்மி என்று குறை சொல்லவும் ஒரு ஆள். நான் கேட்டது அவ்வளவுதான். "ஆஸ்பத்திரி கோர்ஸையே எடுங்க" என்றேன். "சரி" என்றார். அவருடைய சரி எங்கள் தெருவுக்கே தெரிந்த சரி. சோறு குழைந்திருந்தாலும் சரி, பஸ்ஸில் அவர் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்துகொண்டாலும் சரி. சண்டை போடக்கூட வழியில்லாத மனுஷன். நல்ல குணம் வாய்த்திருக்கிறது என்று என் அம்மா வீட்டில் எல்லோருக்கும் பெருமை.

முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அத்தையின் கை அந்தச் சரியைக் கேட்டதும் நின்றது. "இப்பவே போன் போட்டுடாத தம்பி. மலைக்குப் போயி ஆத்தாளயும் ஒரு வார்த்த கேட்டுக்கினு சொல்லு" என்றார். எங்கள் குலதெய்வம் கல்வராயன் மலைமேல், கரியாலூரைத் தாண்டி ஓர் ஓடைக்கரையில் இருக்கிற அம்மன். எதிலும் முடிவுக்கு வரமுடியாவிட்டால் அங்கே போய்ப் பூக் கேட்பது வழக்கம். செவ்வரளியை ஓர் இலையில், வெள்ளரளியை ஓர் இலையில் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைப்போம். எந்தப் பூ வந்தால் என்ன என்று முன்னாலேயே சொல்லிவிடுவோம். பூசாரி கற்பூரம் காட்டி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வந்ததுதான் உத்தரவு. மற்றதைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும். சாமி வேண்டாம் என்று ஒதுக்கியதை மனுஷன் திறந்து பார்ப்பது தப்பு என்பார்கள்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஒரே பிள்ளையைப் பனிக்குள் அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? பொட்டலம் கட்டப்போவதும் அத்தை. சாமி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அத்தை பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

உளுந்தூர்பேட்டையில் ஒரு பஸ், கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் எனக்குக் குடலைப் புரட்டியது. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை விட்டபடி வந்தார். இறங்கியதும் எங்களை விட்டுவிட்டு விறுவிறு என்று மேடேறிப் போனார். "சின்னதுலயும் இப்டித்தான். ஆட்டுக்குட்டி மாரி பாறை பாறையா ஏறிக்கினே இருப்பான். தேடிப் புடிச்சி இஸ்துக்கினு வரணும்" என்றார் அத்தை. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கிருந்த தலைசுற்றலில் அப்போது அதை யோசிக்கவில்லை.

வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரி, சிவப்பு வந்தால் பனிமலை என்று பேச்சு. "பனிதானே அத்த வெள்ள?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியும் வெள்ளதான். கம்முனு இரு" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டலம் கட்டினார். பூசாரி ஒன்றை எடுத்தார். அத்தை கட்டிய கட்டு அவிழாமல் பல்லால் நாரைக் கடிக்க வேண்டியதாயிற்று. சிவப்பு. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷத்தைக் காட்டாமல் இருக்க அவ்வளவு பாடுபடுகிற முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாமி முன்னால் அழக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவர் பூசாரியோடு பேசிக்கொண்டிருந்தார். மீந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அத்தை ஓடைக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். என்னமோ ஒரு வெறி. எனக்கு வரவேண்டிய அந்த வெள்ளைப் பூவை ஒரு தரமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். தண்ணீரில் விடப்போன கையிலிருந்து பிடுங்கி, நகத்தால் கிழித்துப் பிரித்தேன். உள்ளே செவ்வரளி.

"இன்னா அத்த இது? ரெண்டுலயும் செவப்பா?"

"கத்தாத. அவன் காதுல வுழும்."

"வுழட்டும்! என் குடிய கெடுத்துட்டீங்களே. நீங்க எம்பக்கம்னு நெனச்சிக்கினு வந்தேனே!"

அத்தை பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"முன்ன ஒரு தபா இங்க வந்து கேட்டேன். அவன் பத்தாவது முடிச்ச வருசம். அவங்கப்பா போன புதுசு. ஓட்டத்துல கெட்டிக்காரன், வெளியூர் ஆஸ்டல்ல சேத்துவுடறேன், படிச்சிக்கினே ஓடக் கத்துக்கட்டும்னு வாத்தியாரு வூடு தேடி வந்தாரு. எனக்கு இவனயும் வுட்டுட்டுத் தனியா எப்டி இருக்கறதுன்னு பயம். 'போ'ன்னா செவப்பு, 'வோணாம்'னா வெள்ளன்னு சொல்லிட்டு, ரெண்டுலயும் வெள்ளயவே வெச்சிக் கட்டுனேன்."

கையிலிருந்த செவ்வரளியைத் தண்ணீரில் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழுதிருந்தா பரவால்ல. எங்கூட சண்ட போட்டிருந்தா பரவால்ல. 'சரிம்மா'ன்னுட்டு மறுநாளே நாத்து புடுங்க வந்துட்டான். அன்னைக்கு ஆரம்பிச்ச சரிதான் பொண்ணே இது. பட்டாளத்துக்குக்கூட எனக்குத் தெரியாமப் போயி ஓடி, எடுத்துக்கினாங்கன்னு தெரிஞ்ச பொறவுதான் வந்து சொன்னான். கேட்டா நான் பூ கட்டிடுவேன்னு பயந்துட்டான்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு என் கையைப் பிடித்தார். சேற்றில் ஊறி ஊறிக் காய்ப்பேறிய கை. "நீ இப்பவே போயி சொல்லலாம். நான் தடுக்க மாட்டேன். அவன் அதுக்கும் சரின்னுட்டு ஆஸ்பத்திரிக்கே போய்டுவான். உன்ன கூட்டிக்கினும் போவான். அந்த சரியக் கட்டிக்கினு நான் இத்தினி வருசம் இருந்துட்டேன். உனக்கு அது போதும்னா போய் சொல்லு."

மலையில் போன் எடுக்கவில்லை. கீழே இறங்கி சிக்னல் வந்ததும் யூனிட்டுக்குச் சொல்கிறேன் என்றார் அவர். ஆக அடிவாரம் போய்ச் சேரும்வரை எனக்கு நேரமிருந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வளைவில் சொல்லிவிடலாம், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று வந்தேன். எங்கே சொல்ல விட்டார்? பேசிக்கொண்டே வந்தார். பேசாத மனுஷன், ஒரு வார்த்தைக்கு நாலு தடவை கேட்க வேண்டிய மனுஷன், பனியில் கால் வைத்தால் என்ன சத்தம் வருமாம், கயிற்றில் முன்னால் போகிறவன் வழுக்கினால் பின்னால் இருக்கிறவன் எப்படி விழுந்து படுத்துப் பிடிக்க வேண்டுமாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பனிக்கோடாலியை இப்படித்தான் வீச வேண்டும் என்று காட்டப்போய் முன் சீட்டுப் பெரியவர் தலையில் கை பட்டு, அவர் திரும்பி முறைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் அப்படியேதான் இருந்தது, அதோடு சேர்ந்து சிரிப்பும் வந்தது. இந்த ஆளை எனக்கு இதுவரை யாரும் காட்டவே இல்லையே என்று நினைத்தேன்.

அடிவாரத்தில் போன் கிணுகிணுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொல்லிடட்டுமா?"

"எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கறீங்க? அதான் ஆத்தாளே சொல்லிட்டாளே. சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது. பக்கத்து வரிசையில் தூங்குவதுபோல் சாய்ந்து வந்த அத்தை அப்போதுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அந்தக் குளிர்காலத்தை நாங்கள் இரண்டு பேரும் எப்படி ஓட்டினோம் என்று கேட்கக் கூடாது. அவரைப் பிரிந்திருப்பதைவிட அத்தையின் பயத்தோடு சேர்ந்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. டிவியில் எங்கேயோ பனிச்சரிவு என்று சொன்னால் போதும், அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். "நானே எங்கையால கட்டி அனுப்பிட்டேனே" என்பார். "ஆமாம், நல்லா அனுப்பினீங்க" என்று நான் வெடுக்கென்று சொல்வேன். அப்புறம் மனசு கேட்காமல் பக்கத்தில் போய் உட்காருவேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று எங்கள் இருவருக்கு நடுவில் இருந்தது. ஒரே தட்டில் சாப்பிடுகிற அளவுக்கு நாங்கள் சிநேகமானது அந்தக் குளிர்காலத்தில்தான். அம்மா வீட்டுக்கு வா என்று திருநாவலூரிலிருந்து கூப்பிட்டபோதுகூட நான் போகவில்லை.

அவர் கோர்ஸை நல்லபடியாக முடித்தார். அங்கேயே வாத்தியாராக வைத்துக்கொண்டார்கள். எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்க வெகு காலம் ஆனது. இப்போது இந்தக் குளிரூரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு வழியில்லை. ஆனால் உப்பு கம்மி என்று தாராளமாகச் சொல்கிறார், அதற்கு நான் தாராளமாகத் திருப்பிக் கொடுக்கிறேன். அத்தை இதைப் பார்க்க வரவில்லை. அந்தக் குளிரில் தன் முட்டி சும்மா இருக்குமா என்று சொல்லிக்கொண்டே இருந்து, போன அறுவடைச் சமயத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பொட்டலத்திலும் என்ன இருந்தது என்பது என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் மலையேறி ஆத்தாளுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறார். "உடைக்கட்டும், கெட்ட பேருக்குத்தான் நான், நல்ல பேரு ஆத்தாளுக்குப் போவட்டும்" என்பார் அத்தை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும். அந்த நல்ல பேரில் அத்தைக்குச் சேர வேண்டியது இனியாவது சேரட்டும்.

அத்தையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சாயங்காலம். என் வீட்டுக்காரர் வாத்தியாரான புதிதில், கூட இருந்தவர் யாரோ எடுத்த ஒரு வீடியோ போனுக்கு வந்தது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து, அத்தையின் மடியில் போனை வைத்துக் காட்டினேன். கண்ணுக்கெட்டும்வரை வெள்ளை. இடுப்பில் கயிறு கட்டிய பையன்கள் வரிசையாக நின்றார்கள். எதிரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் கையை ஆட்டி ஆட்டி இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்.

"யாரு இது, இன்னா இந்தக் கத்து கத்தறான்?"

"உங்க புள்ளதான் அத்த. கயிறு ஒழுங்காக் கட்டலன்னு பசங்களத் திட்றாரு."

"அவனா?"

போனைப் பிடுங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஒரு பையன் என்னவோ பதில் சொல்ல, பிள்ளையின் குரல் அதட்டியது. முடியாது, இன்னொரு தடவை கட்டு என்கிறார் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரிந்ததைச் சொன்னேன். அத்தையின் வாய் திறந்தபடியே இருந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கியதை அவர் துடைக்கக்கூட இல்லை.

"முடியாதுன்றான் பாரு" என்றார். "எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லியே, எஞ்சாமி."

வீடியோ முடிந்துவிட்டது. போனை என்னிடம் நீட்டினார்.

"இன்னொரு தபா போடு. சத்தம் ஜாஸ்தி வை."