தொண்டைக்குச் செய்த ஜெபமும் தலையில் வைத்த காந்தமும்

சகோதர சகோதரிகளே, எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. நடந்தது எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் சூலூரில் விசைத்தறி ஓட்டியவர். போன ஆகஸ்டில் ஒரு காலை, பல் துலக்கும்போதே வாய் கோணி விழுந்தார். மூளையில் அடைப்பு. பிழைத்தார், மெல்ல நடக்கவும் செய்தார். ஆனால் விழுங்க முடியவில்லை. சொந்த எச்சிலே புரையேறும். மூக்கில் குழாய் போட்டு, "வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணிகூட ஆகாதுங்க" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் எதிரில் சோறு தின்ன எனக்கு மனசு வரவில்லை. "குழாயை எடுத்துவிடும் ஆண்டவரே" என்பதுதான் என் ஒரே ஜெபம்.

ஒரு ஞாயிறு போதகர் வீட்டுக்கே திருவிருந்து அப்பமும் திராட்சை ரசமும் கொண்டுவந்தார். "வாயில கொடுக்கலாமுங்களாம்மா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதை நான் மறைத்துவிட்டேன்.

"கொடுங்கையா. ஆண்டவரோட ரத்தமுங்க, அது என்ன பண்ணப்போகுது" என்றேன்.

ஒரு கரண்டி திராட்சை ரசம்தான். இருமி இருமி முகம் கறுத்துப்போனது. மறுநாள் காய்ச்சல். நுரையீரலில் கிருமி என்று மறுபடி ஆஸ்பத்திரி. விசுவாசத்தில் செய்தது எப்படித் தப்பாகும்? தப்பென்றால் அது யாருடைய தப்பு? நாலு நாள் நான் ஆண்டவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "நானே கொன்னுபோடப் பாத்தனே" என்று அழத்தான் முடிந்தது.

அவர் தேறிய பிறகு, கோயமுத்தூர் டாக்டர் காந்த சிகிச்சையைச் சொன்னார். தலைக்கு வெளியே வைத்து மூளையைத் தூண்டுவதாம். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லமாட்டனுங்க. முயற்சி பண்ணலாம்" என்றார். இது என் ஜெபத்துக்கு வந்த பதிலா, இன்னொரு சோதனையா? ஒன்றும் விளங்காமலே கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாளே காந்தம் வைத்தவரோடு சண்டை. அடைப்பு இடப்பக்க மூளையில், காந்தத்தை வைத்ததோ வலப்பக்கம்.

"ஏனுங்க, பக்கம் மாத்தி வெச்சுட்டீங்களே?"

"நல்லாருக்கற பக்கத்தைத் தட்டி எழுப்பறோமுங்கம்மா. விழுங்கற வேலையை அது எடுத்துக்கோணும்."

டக் டக் என்று சத்தம். தாடை வெட்டி இழுத்தது. வெளியே வந்து, "தறிக்குள்ள தலையை உட்ட மாதிரி இருக்குது அம்மணி" என்று குழறினார். பத்து நாள் அப்படி. கூடவே விழுங்கும் பயிற்சி. நான் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தேன். காந்தத்துக்காகவா, அதைப் பிடித்தவர் கைக்காகவா என்றுகூடத் தெரியவில்லை.

பிறகு எக்ஸ்ரேயில் பார்த்தபடியே கெட்டிக் கஞ்சி கொடுத்தார்கள். புரையேறாமல் இறங்கியது. அடுத்த மாதம் குழாயை எடுத்தார்கள்.

காந்தமா, பயிற்சியா, நாள்பட்டுத் தானாகச் சரியானதா என்று டாக்டரைக் கேட்டேன். "பிரிச்சுச் சொல்ல முடியாதுங்கம்மா" என்றார். என்னாலும் முடியவில்லை. ஆனால் நான் ஆண்டவரிடம் கேட்டேன், கிடைத்தது. நன்றி சொல்ல இவ்வளவு தெரிந்தால் போதாதா? உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், குழப்பத்தோடேயாவது ஜெபியுங்கள். டாக்டர் சொன்னதை மட்டும் யாரிடமும் மறைக்காதீர்கள்.

நேற்று குழைய வடித்த பருப்புஞ்சோறு வைத்தேன். ரெண்டு வாய் விழுங்கிவிட்டு, "உப்பு பத்தலை" என்று தட்டைத் தள்ளினார். வந்த கோபத்தில் நன்றாக வைதுவிட்டேன். உப்பெடுக்கப் போனவள், அங்கேயே நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.