அருவிக்குப் போட்ட வேலி

என் தங்கைக்கு மொட்டை போட்ட அன்று அப்பாவும் மாமாவும் முட்டிக்கொண்டதற்கு நானும் ஒரு காரணம். பிள்ளைகளே, அதை உங்களிடம் மறைப்பானேன்.

அப்பா தண்ணீர்மலைப் பக்கம் இருந்த அரசாங்கத் தோட்டத்தில் காவல்காரர். விடுமுறை நாளென்றால் பினாங்கே அங்கே வந்து இறங்கும். அருவிக் குளத்தில் குளிப்பார்கள், சட்டி கழுவுவார்கள், போகும்போது கைக்கு அகப்பட்ட செடியையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். கூட்டம் வருஷா வருஷம் ஏறவே, அரசாங்கம் குளத்தைச் சுற்றி வேலி போட்டது. அருவியைத் தள்ளி நின்று பார்க்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது.

மாமா அம்மாவுக்கு அண்ணன். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். மழித்த தலைக்கு அருவித் தண்ணீர் ஊற்றிச் சந்தனம் பூசினால்தான் அவருக்கு மொட்டை முடிந்த மாதிரி. கோவிலில் முடி இறக்கியதும் தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு வேலிக்கு வந்தார். அப்பா விடவில்லை. மாமாவின் முகம் சுருங்கியது எனக்குப் பொறுக்கவில்லை. மூங்கில் புதருக்குப் பின்னால் ஆள் நுழையும் இடுக்கு ஒன்று இருப்பதை நான்தான் காட்டினேன்.

உள்ளே பத்தடி வைப்பதற்குள் அப்பா எதிரே வந்து நின்றார்.

"உன் பிள்ளைக்குத்தானே மச்சான் கேக்குறேன்?"

"என் பிள்ளைக்கு விட்டுட்டு அப்புறம் யாரை நிறுத்துறது? இந்தத் தண்ணிய நம்பிக் கீழே சனம் இருக்கு மச்சான்."

"யாரு, இந்தக் குரங்குங்களா?" என்று மாமா வேலியோரம் உட்கார்ந்திருந்த குரங்குகளைக் காட்டினார்.

அப்பா சிரிக்கவில்லை, நகரவும் இல்லை.

"அப்ப காது குத்துக்கு வேற மடியப் பாத்துக்க லா," என்று மாமா தங்கையைத் தோளில் சுமந்தபடியே திரும்பி நடந்தார்.

அன்று மதியமே காது குத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் வீட்டில் அது நடக்காது. அம்மா வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அப்பா காலை வேலை முடிந்து வந்தபோது, மாமா எங்கள் தெருக் குழாயடியில் தங்கையை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மச்சான், ஜில்லுன்னு எவ்வளவு சுத்தமா இருக்கு. உன் அருவி யாருக்கு வேணும்?"

அப்பா சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் மாமா கோபத்தை மறந்து மடியைக் கொடுத்தார். தங்கை வீறிட்டு அழுது ஓய்ந்ததும் அப்பா மறுபடியும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு போய், நான் காட்டிய இடுக்கை முள்கம்பியால் அடைத்துவிட்டு வந்தார்.

தோற்றுப்போனவருக்கு எதற்கு இந்த வீம்பு என்று நினைத்தேன். எங்கள் தெருக் குழாய்க்கு அந்த அருவியிலிருந்துதான் தண்ணீர் வருகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.