பச்சைக் கொப்பியில் ஒரு சொல்

பிள்ளைகள், என் அலுமாரியின் கீழ்த்தட்டில், காணி உறுதிக்கும் உங்கள் பிறப்புப் பத்திரங்களுக்கும் நடுவில் கிடக்கும் பச்சை மட்டைக் கொப்பியை நீங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறீர்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில், சண்டைக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு மழைக்குள் வெளிக்கிட்ட அன்று, அம்மா உங்களுக்குச் சோறு கட்டிக்கொண்டிருக்க, நான் இதைத் தேடி எடுத்துப் பொலித்தீன் பையில் சுற்றி மடிக்குள் வைத்தேன். “உயிர் போற நேரத்திலை உந்தக் கொப்பி என்னத்துக்கு?” என்று அவர் கேட்டார். யார் என்ன கேட்டாலும் “விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ” என்று நான் சொல்வதை வைத்து நீங்கள் என்னைப் பகிடி பண்ணுவீர்கள். அந்தப் பழக்கமும் இந்தக் கொப்பியில் இருந்து வந்ததுதான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம். அச்சுவேலிச் சந்தியில் பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசிப்பேன். சந்தியில் கேட்டுப் பழகிய பத்துப் பன்னிரண்டு சொற்கள் தெரியும். ஆனால் மற்றக் கார்க்காரர்களிடம், வெள்ளைக்காரரோடு நான் நன்றாகக் கதைப்பேன் என்று புளுகி வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் பஸ்ஸிலிருந்து ஓர் இளம் வெள்ளைக்காரரும் மனைவியும் இறங்கினார்கள். தலைக்கு மேலே தெரியும் பெரிய பைகள் இருவர் முதுகிலும். “வீட்டையே காவிக்கொண்டு வருகினம்” என்றான் ஒருவன். “துரை, உன்ரை ஆக்கள் வந்திருக்கினம், போய்க் கதையன்” என்று இன்னொருவன் என்னைத் தள்ளிவிட்டான். நான் போனேன். அந்த மனிதர் நீளமாக ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நான்கு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். “ஓம்” என்றேன்.

அவர்கள் இந்தியாவைச் சுற்றிவிட்டு வந்தவர்கள். அந்த மனிதர் என் ஓமைக் கேட்டுக் கண்ணை மூடி, கை கூப்பி, சாமி கும்பிடுவதுபோல “ஓ...ம்” என்று இழுத்தார். நான் தலையை ஆட்டி, எங்கள் ஓம் என்றால் ஆங்கிலத்தில் “யெஸ்” என்று சொன்னதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண் உடனே இந்தக் கொப்பியை எடுத்து எழுதினார். முதலாவது பக்கத்தில் முதலாவது சொல் அது.

எங்கள் ஆட்களுக்கு ஓம் என்பது ஒரு சம்மதம் மட்டுமல்ல என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் கதைக்கும்போது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கோ’ என்பதற்கும் ஓம்தான். செத்தவீட்டில் இருந்து துக்கம் கேட்கும்போதும் ஓம், ஓம் என்றுதான் இருப்போம். அதை அவர்களுக்குச் சொல்ல எனக்கு ஆங்கிலம் இல்லை. சொல்ல வேண்டும் என்ற நினைப்பும் வரவில்லை.

அன்றே என் காரில் ஏற்றிப்போன கீரிமலையில் ஆண்கள் குளிக்கும் கேணியைக் காட்டி அந்தப் பெண் என்னவோ கேட்டார். ஓம் என்றேன். பார்த்துக்கொண்டிருக்க அவர் படியிறங்கித் தண்ணீருக்குள் போய்விட்டார். குளித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாரும் கழுத்தளவு தண்ணீருக்குள் அமிழ்ந்து நின்று என்னைப் பேசிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. மோர்மிளகாயைத் தூக்கிக் காட்டிக் கணவர் கேட்டார். ஓம் என்றேன். முழுவதையும் வாயில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூத்தவன் அப்போது அந்த வயிற்றில் ஆறு மாதம். இரண்டு இரவு எங்கள் முன்னறையில் படுத்தார்கள். அந்தப் பெண் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவினார். வெளிக்கிடும்போது ‘போறன்’ என்று சொல்லக்கூடாது, ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா கையைக் காலை ஆட்டிப் பழக்கினார்.

மூன்றாம் நாள் சந்நிதி கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வீதியில் அவர்கள் விரித்து வைத்த வரைபடத்தை ஒரு ஆடு இழுத்துப் பாதியைத் தின்றுவிட்டது. இந்தக் கரை முழுவதும் அந்தப் பாதியில்தான் இருந்தது. இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு வரைபடம் நான்தான்.

கோயிலிலிருந்து தொண்டைமானாறு கடற்கரைக்குப் போனோம். அந்த வருடம் மாரி நல்ல மழை. பாலத்துக் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே தேங்கிய களப்புத் தண்ணீர் முழுவதும் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தால் பளிங்குபோல இருக்கும். அடியில் ஆளை இழுத்துக்கொண்டு போகும். வாடைக்காற்று முடியும்வரை அந்த வாய்க்கருகில் எங்கள் மீன்பிடிகாரர்கள்கூடக் கால் வைக்க மாட்டார்கள். அது எனக்கும் நன்றாகத் தெரியும், பிள்ளைகள். தெரியாது என்று நான் சொல்லவில்லை.

கரையில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்கார அண்ணை எனக்குப் பழக்கம். நான் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கணவர் வந்து தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார். கடல் என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. மனைவி கொப்பியைத் திறந்து, விரலை வைத்து, “ஓம்?” என்று என் முகத்தைப் பார்த்தார்.

“ஓம், ஓம்” என்றேன். துணியைக் கீழே வைக்கவுமில்லை.

“என்னவாம் துரை கேக்கினம்?” என்றார் அண்ணை.

“கடல் வடிவோ எண்டு கேக்கினம்.”

“அதுக்கு ரெண்டு ஓம் வேணுமோ?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன். கோப்பை பாதியாகவில்லை. அந்தப் பெண்ணின் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவருடைய தலை ஒருமுறை தெரிந்தது, நாங்கள் நினைத்ததைவிட எவ்வளவோ தூரத்தில். மனைவி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நானும் அண்ணையும் இரண்டு கையிலும் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தோம். வள்ளக்காரர் இரண்டு பேர் காற்றோடு மல்லுக்கட்டிப் போனார்கள். பொழுதுபடுகிற நேரம் அவரைக் கொண்டுவந்து மணலில் கிடத்தினார்கள். உப்புத் தண்ணீரில் நனைந்த தாடி. வலது கையில், காலையில் வெளிக்கிடும்போது அம்மா கட்டிவிட்ட சந்நிதிக் கயிறு.

அடுத்த நாள் பருத்தித்துறை ஆஸ்பத்திரி மாமரத்தடியில் விசாரணை. ஓய்வுபெற்ற ஆங்கில மாஸ்ரர் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல வந்திருந்தார். பொலிஸ்காரர் ஒருவர் எழுதினார். அந்தப் பெண் அழவில்லை. மாஸ்ரரிடம் மெல்லிய குரலில் நீண்டநேரம் சொன்னார். மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, கடலிலை இறங்கிறது பயமில்லையோ எண்டு புருசன் உம்மட்டைக் கேட்டவராம். நீர் ஓம் எண்டு சொன்னனீராம். இவ உம்மிலை பிழை சொல்லேல்லை. தங்களுக்குச் சரியா விளங்கினதோ எண்டு மட்டும் அறிய வேணுமாம். சொன்னனீரோ?”

பொலிஸ்காரரின் பேனை நின்றது. எனக்கு அம்மாவின் வயிறு நினைவு வந்தது. மறியல்வீட்டுக் கம்பிகளும், பறிபோகும் லைசென்சும் நினைவு வந்தன. சந்தியில் நிற்கும் நான்கு பேரின் சிரிப்பும் நினைவு வந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

“இல்லை” என்றேன்.

கடைக்கார அண்ணை பக்கத்தில்தான் நின்றார். என் இரண்டு ஓமையும் கேட்டவர், நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னைத் துரை என்று கூப்பிட்டதும் இல்லை.

மாஸ்ரர் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தேவைப்படவில்லை. இல்லை என்ற சொல்லை அந்தப் பெண் படித்திருந்தார். என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியும். நான் சொல்லாத ஒன்றை என் மேல் போட்டுவிட்டதற்காகக் கேட்டார். கொப்பியை எடுத்து எதையோ கீறிவிட்டு மூடினார்.

சவ அலுவல்கள் முடிந்து, விசாரணைக்குப் பிறகு நான்காம் நாள் அவரை யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு ஏற்றிப்போனேன். பின் ஆசனத்தில் இரண்டு பைகள், நடுவில் அவர். இரண்டு பையையும் தானே ஒவ்வொன்றாக இறக்கினார். என்னைத் தொட விடவில்லை. பிறகு திரும்பி வந்து, கார் யன்னலுக்குள் குனிந்து, அம்மா பழக்கிய மாதிரியே பிசகாமல் சொன்னார்: “போட்டு வாறன்.”

ஓம், போட்டு வாங்கோ என்று சொல்ல வேண்டும். எந்த வீட்டுப் படலையிலும் எந்தப் பிள்ளையும் சொல்லும் மறுமொழி அது. எனக்கு அந்த முதற்சொல் வாயில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வருட ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் மண்ணில் எத்தனையோ சாவு. எத்தனையோ விசாரணையில் எத்தனையோ பேர் இல்லை என்று சொல்லித் தப்பினார்கள், தப்பாமலும் போனார்கள். அவற்றுக்குள் என்னுடையது சின்னது என்று என்னை ஆற்றிப் பார்த்தேன். ஆறவில்லை. அம்மாவுக்குக்கூட இன்றுவரை சொன்னதில்லை. இதை வாசிக்கும்போது அவரும் இப்போதுதான் அறிவார்.

ரயில் போன பிறகு பின் ஆசனத்தைத் தட்டும்போது இந்தக் கொப்பி கிடந்தது. விட்டுப்போனாரோ, விழுந்ததோ தெரியாது. உள்ளே பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. தண்ணி, சோறு, மோர்மிளகாய், இல்லை, போட்டு வாறன் எல்லாம் ஆங்கில எழுத்தில் அப்படியே இருந்தன. முதலாவது சொல்லின்மேல் மட்டும், தாள் கிழியும்படி ஒரு கோடு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

ஸ்ரேசன் மதிலோரம் காரை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றினேன். சேட்டுப் பையில் கிடந்த பென்சிலை எடுத்து, அந்தக் கோட்டுக்குக் கீழே, தமிழில், ஓம் என்று எழுதினேன்.