யூசுப் அண்ணனின் அம்மாவிடம் சொன்னது

சிறுவயதில் பொறாமையில் ஒரு தாயிடம் பொய் சொன்னேன். மழையில் நனைந்த என் தோல் செருப்பின் வாடை இன்று அதைக் கிளறிவிட்டது. மன்னார்குடியில் அறுவடை முடிந்த வயல்களில் நாங்கள் உதைத்த பந்துக்கும் அதே வாடைதான்.

எங்களோடு ஆடிய யூசுப் அண்ணன் மலேசியாவில் ஒரு கிளப்புக்கு ஆடப் போனார். அவர் அம்மா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எம்புள்ளைக்குப் பந்து விளையாடவே சம்பளம் தர்றாங்க" என்பார்.

"ஓட்டல்ல தட்டு கழுவுறாராம் பெரியம்மா," என்றேன் நான். பிறகு பெரியம்மா தன் மகனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பெரியம்மா இறந்தபின் ஊர் திரும்பிய அண்ணனிடம் போய் அவர் அம்மாவிடம் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

"மேட்ச் இல்லாத நாள்ல தட்டும் கழுவினேன்டா. அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு இருந்தேன்," என்றார். "உனக்கு யாருடா சொன்னது?"