இரண்டாவது கையெழுத்து

முதியோர் இல்லத்தில் அவளைப் பெரியக்கா என்பார்கள். மேல்தளத்தில் வேலை பார்ப்பவள் சின்னக்கா. உண்மையில் சின்னக்காதான் வயதில் இரண்டு வருடம் மூத்தவள். வேலைக்குப் பிந்தி வந்த பாவத்துக்குக் காலமெல்லாம் சின்னக்காவாகவே இருக்கிறாள்.

பெரியக்காவின் பதினாறு வருட வேலையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: தூக்குவது. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து மறுபடி படுக்கைக்கு. கீழ்த்தளத்தில் பதினான்கு பேர். அதில் பாதிப் பேருக்குத் தாமாக எழுந்து நிற்க முடியாது. மூலையறை தாத்தாவோ இவளைப் போல இரண்டு மடங்கு கனம். "மெதுவாம்மா, உடையுற சாமான்" என்று தூக்கும்போதெல்லாம் அவரே கிண்டலடிப்பார்.

கனமானவர்களை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்பது விதி. தூக்கியதும் கட்டிலில் தொங்கும் சீட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல விதிதான், யார் இல்லையென்றது? ஆனால் தளத்துக்கு ஒருத்தியைத்தான் போட்டிருக்கிறார்கள். மேலே இருப்பவள் கீழே வந்துவிட்டால் மேலே இருக்கும் கிழவர்களை யார் பார்ப்பது? அதனால் இருவரும் தனித்தனியாகவே தூக்கினார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது இவள் சீட்டில் அவளும், அவள் சீட்டில் இவளும் கையெழுத்துப் போட்டார்கள். அதைப் பொய் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. கூடப்பிறந்தவளுக்குச் செய்கிற ஒத்தாசை மாதிரிதான் நினைத்தார்கள்.

போன வாரம் மூலையறை தாத்தாவை நாற்காலியில் இறக்கும்போது பெரியக்காவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவரை விழ விடவில்லை, அந்த மட்டும் சரி. வீட்டில் மகளுக்குத் தலைவார உட்கார்ந்தவளைக் கணவன் கைகொடுத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. ஒரு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். வேலையில் பட்ட அடி என்று இல்லத்தில் எழுதினால் விடுப்பு கிடைக்கும், வேலையும் நிலைக்கும். இல்லையென்றால் உடம்புக்கு முடியாதவள் என்று ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பெரியக்கா அப்படி எழுதச் சொல்லிக் கேட்டதும், இல்லத்தை நடத்தும் மேட்ரன் இருவரையும் கூப்பிட்டு, இடுப்பு பிடித்த அன்றைய சீட்டை மேசையில் வைத்தார்.

"ரெண்டு கையெழுத்து இருக்கே. ரெண்டு பேர் தூக்கினா இடுப்பு எப்படிப் பிடிக்கும்? வீட்டுல எதையாவது தூக்கியிருப்பே."

உண்மையைச் சொன்னால் சின்னக்கா மாட்டுவாள். சொல்லாவிட்டால் இவள் பிழைப்பில் மண். பெரியக்கா சீட்டிலிருந்த இரண்டு கையெழுத்தையும் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. முதுகு ஒடிய இத்தனை பேரைச் சுமந்தது போதாதென்று இதையும் சுமக்க வேண்டுமா?

"அவ தனியாத்தான் தூக்கினா மேடம்" என்றாள் கதவோரம் நின்ற சின்னக்கா. "நான் மேல இருந்தேன். சாயங்காலம் வந்துதான் கையெழுத்துப் போட்டேன். அவளும் எனக்கு அப்படித்தான் போடுவா. தினமும்."

மேட்ரன் பொரிந்து தள்ளினார். பொய்க் கையெழுத்து எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா, யாராவது விழுந்து தொலைத்திருந்தால் யார் பதில் சொல்வது என்று அரை மணி நேரம். கடைசியில் பெரியக்காவுக்கு விடுப்பு எழுதினார். இருவர் கையிலும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதத்தையும் திணித்தார்.

பேருந்து நிறுத்தத்தில் பெரியக்கா கேட்டாள்: "உனக்கு எதுக்குடி இந்த வம்பு?"

"பின்னே? நீயா வாயைத் திறக்கப் போறே? உன்னைத் தெரியாதா எனக்கு."

பெரியக்காவுக்கு அழுகை வந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் நிம்மதி வரவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்றால் இடுப்பு விடவில்லை.

அப்போது சின்னக்காவின் போன் அடித்தது. காதில் வைத்தாலும் ஊருக்கே கேட்கிற போன் அது. மேட்ரன்தான்.

"நாளைக்கு வேற ஆள் கிடைக்கலை. கீழயும் நீயே பார்த்துக்கோ."

"மூலையறை தாத்தாவை நான் ஒருத்தியா எப்படி மேடம் தூக்குறது?"

"பார்த்து மெதுவா தூக்கும்மா. ரெண்டாவது கையெழுத்தை நான் போட்டுக்கறேன்."