ஸ்கேனில் தெரியாத வலி

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல," என்று டாக்டரம்மா சொன்னதும் என் கை, வயிற்றுவலி என்று கூட்டி வந்திருந்த மகளின் தோளை இறுகப் பற்றியது. இதே சொல்லை நான் எட்டு வயதில் கேட்டிருக்கிறேன்.

அப்போது மர்பி டவுனில் எங்கள் ஓட்டு வீடு. ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரத்தில் எனக்கு வயிறு முறுக்கும். அம்மா தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவுவாள். அந்த வாடை நாள் முழுக்க யூனிஃபார்மில் இருக்கும். கடைசியில் அப்பா லீவு போட்டு எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"டாக்டரே சொல்லிட்டாரு. சும்னே நாடகம் ஆடறா உன் பொண்ணு," என்று அப்பா பஸ்ஸிலேயே அம்மாவிடம் சத்தம் போட்டார்.

"நெஜமா வலிக்குதுப்பா."

"இன்னொரு தபா வயிறுன்னு சொன்னே, தோலை உரிச்சிடுவேன்."

அன்றோடு விளக்கெண்ணெயும் நின்றது. வலி நிற்கவில்லை. வகுப்பில் பென்ச் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாடம் எதுவும் ஏறவில்லை. ஒன்பதாவதில் ஃபெயிலானதும் படிப்பை நிறுத்தி கார்மெண்ட்ஸ் வேலைக்கு அனுப்பினார்கள்.

டாக்டரம்மா என் மகளிடம் குனிந்தார். "ஒண்ணும் இல்லன்னா, நீ பொய் சொல்றேன்னு அர்த்தமில்லம்மா. வலி நெஜம். வயித்துல புண் இல்ல. அங்கேருந்து மூளைக்குப் போற நரம்புதான் சின்ன விஷயத்துக்கும் பெருசா கத்துது. மெல்ல மெல்ல அதை அமைதியாக்கப் பழகலாம்."

மகளின் முகம் தெளிந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதும் வயிறு வலித்துக்கொண்டுதான் இருந்தது.

"மேடம், பெரியவங்களுக்கும் இப்படிச் சொல்லிக் குடுத்தா சரியாகுமா?"

"யாருக்கு வலி?"

"யாருக்கும் இல்ல மேடம்," என்றேன். "சும்மாதான் கேட்டேன்."