தோள்வலிக்குக் காலில் ஓர் ஊசி

மூன்று மாதமாக எனக்குத் தலை பின்னிவிட்டது என் கணவர் சங்கர்தான். வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேல் எழவில்லை. அவர் போடும் பின்னல் தாம்புக்கயிறு மாதிரி இருக்கும்; அதோடுதான் ஆபீஸ் போவேன். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், குணமாக நாளாகும் என்று வலி மாத்திரை தந்தார். யார் கையையும் எதிர்பார்த்து நிற்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. என் தலையை நானே பின்ன வேண்டும், அவ்வளவுதான் ஆசை. 2007 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் லீவு போட்டு, மாண்ட்ரியல் சைனாடவுனுக்கு, அக்குபங்சர் என்கிற சீன ஊசி வைத்தியம் செய்துகொள்ளக் கிளம்பினோம்.

நாங்கள் இருக்கும் புறநகர் ரொக்ஸ்பரோவில் காலை 9.10க்கு ரயில். நகர மையத்துக்கு அரை மணி நேரம். அங்கிருந்து சைனாடவுன் ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் மைனஸ் பதினெட்டில் யார் நடப்பது? டாக்ஸி, ஆறு டாலர். ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். போகும் இடத்தைச் சொன்னதும், "ஊசி குத்தவோ போறியள்? பயப்படாதேங்கோ தங்கச்சி. என்ர முழங்கால் அங்கதான் சுகமானது" என்றார்.

மாடியில் சின்ன அறை. சுவர் முழுக்க மர இழுப்பறைகள், உள்ளே வேரும் பட்டையும் காய்ந்த பூவும். மருத்துவர் ஒரு சீன அம்மா, ஐம்பது வயதிருக்கும். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு தோள் பக்கமே போகாமல், முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசியைச் செருகினார். வலிப்பது தோள், குத்துவது காலிலா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் கண் இருட்டியது.

அவர் சட்டென்று ஊசியை எடுத்துவிட்டு, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒன்றுமே இல்லை. தோள் சரியாக வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்ட வெள்ளிக்கிழமை விரதம்! வெறும் வயிற்றில் ஊசி கூடாது, சாப்பிட்டால்தான் மறுபடி குத்துவேன் என்று சொல்லிவிட்டார்.

சங்கர் எதிர்க்கடையில் இனிப்புப் பயறு வைத்த பன் வாங்கிவந்தார். "முருகன் கோவிச்சுக்க மாட்டார், சாப்பிடு." நேர்ந்ததை முறிக்கிறோமே என்று அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் ஊசி. கால் கனத்தது. ஊசியை மெல்லத் திருகிக்கொண்டே, "கையைத் தூக்கு" என்றார். தூக்கினேன். காதைத் தாண்டியது. உச்சந்தலையைத் தொட்டேன்! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இதற்கு விளக்கம் எனக்குத் தெரியாது. என் கை மேலே போனது, அதைத்தான் சொல்கிறேன்.

அன்று மாலையே கொஞ்சம் இறுகியது. இறுக்கம் முழுசாக விட ஐந்து தடவை போனேன், ஒவ்வொரு தடவைக்கும் 45 டாலர். கூடவே, அந்த இழுப்பறை வேர்களை வீட்டில் காய்ச்சி தினம் இரண்டு வேளை கஷாயம்.

போகிறவர்கள் முதலில் உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள். புது ஊசிதானா என்று பாருங்கள். விரத நாளில் போகவே போகாதீர்கள். கஷாயம் கொதிக்கும்போது வீடே நாறும்; எவ்வளவு குளிரானாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஐந்தாவது தடவைக்கு மறுநாள் காலை நானே பின்னிக்கொண்டேன். நேராக, அழகாக வந்திருந்தது. வழக்கம்போல் சங்கர் சீப்போடு வந்தார். "ஓ, முடிச்சிட்டியா" என்று திரும்பினார். நான் பின்னலை அவிழ்த்துவிட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.